வளர்ப்புப் பாம்பு ஆணா, பெண்ணா?

நேயர்களுக்கு வணக்கம்.

நல்ல பாம்பு ஆண் என்றும், சாரை அதன் பெண் என்றும் நம் ஊர்ப்பக்கம் இன்றும் சொல்வார்கள். உண்மையில் அவை இரண்டும் வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. வயல்வரப்பில் இரு பாம்புகள் தலையைத் தூக்கிக்கொண்டு முறுக்கிப் பின்னுவதைப் பார்த்துப் 'பிணையல்' என்று நாம் ஒதுங்கி நிற்கும்போது, அங்கே பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் பலப்பரீட்சை செய்துகொண்டிருக்கின்றன. வெளித்தோற்றத்தைக் கொண்டு பாம்பின் பாலைத் தீர்மானிப்பது எவ்வளவு தவறிப்போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இன்று நான் பேசப்போவது பால் பைத்தான் (ball python) என்னும் ஆப்பிரிக்க மலைப்பாம்பைப் பற்றி. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அயல்நாட்டு இனமான பால் பைத்தானை வைத்திருப்பவர்களும், 2024-இல் வந்த விதிகளின்படி அதை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

ஒரு கால்நடை மருத்துவராக என்னிடம் வந்த பாம்பு ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். அதன் பெயர் ராஜா. இரண்டு மாதமாக இரை எடுக்கவில்லை, உடலின் பின்பகுதி மட்டும் உப்பியிருக்கிறது என்று அதை வளர்த்த இளைஞர் கொண்டுவந்தார். ஸ்கேன் செய்து பார்த்தபோது உள்ளே முட்டைகள் வரிசையாக இருந்தன. விற்றவர் வாலின் அடிப்பகுதிக்குள் கம்பி விட்டு ஆழம் பார்த்து, எட்டுச் செதில் நீளம் வரை போகிறது, ஆண்தான் என்று சொல்லிக் கொடுத்தாராம். கம்பி தானாகப் போகவில்லை, அவர் போகவைத்திருக்கிறார். பெண் பாம்புக்கு முட்டை உள்ளேயே தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து என்பதால், இந்தப் பிழை பெயர் மாறிப்போவதோடு முடிகிற பிழையன்று. ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடக்கூடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிச் சாலையில் 60 வயதைக் கடந்த ஒரு பால் பைத்தான், குறைந்தது 15 ஆண்டுகளாக ஆண் துணையே இல்லாதிருந்தும், 2020-இல் ஏழு முட்டைகள் இட்டது.

பாலை எங்கே தேடுவது? பாம்பின் வால் என்பது கழிவாய்க்குப் பின்னால் இருக்கும் பகுதி மட்டுமே. ஆண் பாம்புக்கு அந்த வாலின் அடியில், இடமும் வலமுமாக, இரண்டு ஆணுறுப்புகள் கையுறையின் விரலை உள்பக்கமாகத் திருப்பியதுபோல மடங்கிக் கிடக்கும். அதனால் ஆணின் வால் அடிப்பகுதியில் பருத்தும் சற்று நீண்டும், பெண்ணின் வால் சட்டென்று ஒடுங்கியும் தெரிவதுண்டு. கழிவாயின் இருபுறமும் உள்ள சிறு முட்கள் ஆணுக்குப் பெரிதாக இருக்கும் என்பார்கள். ஆனால் அவை பெண்ணுக்கும் உண்டு, தேய்ந்தும் போகும். பெண் பெரிதாக வளரும் இனம் என்றாலும், இரை குறைந்த பெண் ஆணைவிடச் சிறுத்திருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நிறமும் தலையின் வடிவமும் எதையும் சொல்லாது.

நம்பத்தக்க முறை, புரோப் என்னும் முனை மழுங்கிய எஃகுக் கம்பியால் ஆழம் பார்ப்பது. இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் உடலைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் வாலை மல்லாத்தி, கழிவாயை மூடியிருக்கும் செதிலைக் கட்டைவிரலால் மெல்ல விலக்குவார். கம்பி கிருமிநீக்கம் செய்யப்பட்டதாகவும், தண்ணீரில் கரையும் ஜெல்லி தடவியதாகவும் இருக்க வேண்டும். மெல்லிய கம்பிதான் பாதுகாப்பானது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் மிக மெல்லியதுதான் திசுவைத் துளைத்துவிடும். நடுக்கோட்டில் அல்லாமல் ஓரமாக, வால்நுனியை நோக்கி, விரல்களுக்கிடையே உருட்டிக்கொண்டே விட வேண்டும். மெத்தென்று தடுக்கும் இடத்தில் கை நின்றுவிட வேண்டும். அந்த இடத்தில் கழிவாயின் விளிம்பை நகத்தால் குறித்துக்கொண்டு கம்பியை எடுத்து, வாலின் அடிப்புறத்தில் வைத்துச் செதில்களை எண்ணுகிறோம். அங்கே செதில்கள் இரட்டையாக இருப்பதால் ஓர் இணையை ஒன்றாகக் கொள்ள வேண்டும். பால் பைத்தானில் இரண்டு முதல் நான்கு வரை என்றால் பெண். ஏழு, எட்டு, அதற்கு மேல் என்றால் ஆண். இந்தக் கணக்கு இனத்துக்கு இனம் மாறும்.

பாம்பு இறுக்கிப் பிடித்துக்கொண்டால் ஆணிடத்திலும் கம்பி நான்கில் நின்றுவிடும். அவசரப்பட்டு அழுத்தினால் பெண்ணிடத்திலும் எட்டு வரை கிழித்துக்கொண்டு போகும். பெண் பாம்புகளுக்கும் அதே இடத்தில் இணையான உணர்வுறுப்பு உண்டு என்பதை ஆய்வாளர்கள் முறையாக விளக்கியதே 2022-இல்தான். ஆகவே காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டு வீட்டில் செய்யத்தக்க வேலையன்று இது. பழகியவர் கையில் சில நொடிகளில் முடிந்துவிடும். இரை தின்ற இரண்டு நாளைக்குள்ளும், சட்டை உரிக்கும் தறுவாயில் கண் மங்கியிருக்கும்போதும் செய்யக்கூடாது. ஒரு பாம்புக்குப் பயன்படுத்திய கம்பியைக் கழுவாமல் அடுத்ததற்கு விடுவது, நோயைக் கையோடு எடுத்துச் சென்று கொடுப்பதுதான்.

முட்டையிலிருந்து வந்து சில நாட்களே ஆன குட்டிகளுக்குக் கட்டைவிரலால் வாலடியிலிருந்து கழிவாய் நோக்கி மெல்ல உருட்டி, உறுப்பை வெளிவரச் செய்யும் முறையும் உண்டு. இரண்டு சிவந்த தண்டுகள் வெளிவந்தால் ஆண் என்பது உறுதி. வராவிட்டால் பெண் என்பது உறுதியன்று. வளர்ந்த பாம்பிடம் இதை முயல்வது காயத்தில் முடியும்.

இனப்பெருக்கம் செய்யும் எண்ணமோ நோய்க்குறியோ இல்லாதவர்களிடம், இதற்காகப் பாம்பைத் தொட வேண்டாம் என்றே நான் சொல்வது வழக்கம். அது உரித்துப் போடும் சட்டையை எறியாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கழிவாய்ப் பகுதியை வெள்ளைத் தாளில் விரித்துப் பாருங்கள். ஆண் பாம்பின் சட்டையில் சில நேரங்களில் அந்த இடத்தில் ஒரு சோடி உலர்ந்த, நூல்போன்ற துணுக்குகள் ஒட்டியிருக்கும். அவை காணப்படாவிட்டால், அடுத்த சட்டை வரை காத்திருக்கலாம். அல்லது சட்டையைக் கையால் அதிகம் தொடாமல் காயவைத்துக் காகித உறையில் போட்டு, மரபணுச் சோதனை செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி அனுப்பினால் பூஞ்சைதான் போய்ச் சேரும்.