பழசுக்குத்தான் யோகம்

வணக்கம். போகிமான் கோ விளையாடுகிற ஒருவரிடம் போய் ‘என்னிடம் ஒரு லக்கி இருக்கிறது’ என்று சொல்லிப் பாருங்கள். உடனே ‘எங்கே, காட்டு’ என்பார். விளையாடாதவருக்கு ஒன்றும் விளங்காது. இருவருக்கும் சேர்த்தே இன்று பேசுகிறேன்.

வெளியே நடந்து போய்க் கைபேசித் திரையில் போகிமான் என்னும் கற்பனைப் பிராணிகளைப் பிடிக்கும் இந்த விளையாட்டு 2016 ஜூலையில் வந்தது. பிடித்ததை நண்பரிடம் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொள்ளும் வசதி, அதாவது ட்ரேட், 2018-ல்தான் சேர்ந்தது. இதில் ஒரு விசேஷம், கை மாறினால் குணமும் மாறிவிடும். தாக்குதல், தற்காப்பு, உயிர்பலம் மூன்றுக்கும் 0 முதல் 15 வரை உள்ளே ஒரு மதிப்பெண் உண்டு. ட்ரேட் ஆன நொடியில் மூன்றையும் பகடை மாதிரி புதிதாக உருட்டிப் போட்டுவிடுவார்கள். ஆசையாக 15, 15, 15 உள்ளதைக் கொடுத்தால், நண்பர் கைக்கு அது 6, 9, 7 என்று போய்ச் சேரலாம். பாசத்தில் செய்கிற வீண்செலவு இது. கொடுக்க வேண்டியது உதவாக்கரையைத்தான்!

நட்பு முற்றினால் கொஞ்சம் பாதுகாப்பு உண்டு. வழக்கமாக 90 நாள் பழகி ‘பெஸ்ட் ஃப்ரெண்ட்’ ஆனவரோடு மாற்றினால் எந்த மதிப்பெண்ணும் 5-க்குக் கீழே இறங்காது. விளையாட்டில் அவர் அனுப்பும் பரிசைத் தினம் ஒன்று திறந்தாலே அது பழக்கம்தான், பேசக்கூட வேண்டாம்.

சரி, லக்கிக்கு வருவோம். சில ட்ரேட்களில், வந்த போகிமானின் பின்னணி தங்க நிறத்தில் மின்னும். அதுதான் லக்கி. அதில் ஒவ்வொரு மதிப்பெண்ணும் 12-க்குக் குறையாது. 12, 13, 14, 15 என்று நாலே வாய்ப்பு. ஆக மூன்றும் 15 ஆக அமைய 64-ல் ஒரு பங்கு. வெளியே சும்மா பிடிப்பதில் இது 4,096-ல் ஒன்று. அப்புறம், பலமேற்றச் செலவாகும் ஸ்டார்டஸ்ட், அதாவது விளையாட்டில் சேரும் ஒரு வகைப் புள்ளி, பாதிதான். அதோடு செலவாகும் இன்னொரு சேமிப்பான மிட்டாய்க்கு மட்டும் தள்ளுபடி கிடையாது.

எது லக்கியாகும் என்று பொதுவாக முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பிடித்து நாளாகியிருந்தால் வாய்ப்பு கூடும். அதனால் மூலையில் கிடக்கும் பழசைத் தூக்கி எறியாதீர்கள். நேற்றுப் பிடித்த பலசாலியைவிட, ஆரம்ப காலத்தில் பிடித்து மறந்துபோன சொங்கிக்கே ட்ரேடில் மவுசு அதிகம். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

இன்னொரு லாபமும் உண்டு. மச்சோக் என்ற போகிமானை அதன் அடுத்த வடிவமான மச்சாம்ப்பாக வளர்க்க 100 மிட்டாய் வேண்டும். ட்ரேடில் வந்த மச்சோக் என்றால் ஒன்றுகூட வேண்டாம். கடாப்ரா, ஹான்டர், கிராவலர் மூன்றுக்கும் இதே சலுகைதான்.

லெஜண்டரி என்கிற அபூர்வ வகைப் போகிமான் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. உங்களிடம் இதுவரை இல்லாத ஒன்றைப் புது நண்பரிடம் வாங்கினால் 10 லட்சம் ஸ்டார்டஸ்ட் போய்விடும். பெஸ்ட் ஃப்ரெண்டிடம் அதுவே 40,000.

பெஸ்ட் ஃப்ரெண்டுகள் சில சமயம் ‘லக்கி ஃப்ரெண்ட்ஸ்’ ஆவார்கள். அப்போது அடுத்த ட்ரேட் லக்கியாவது நிச்சயம், ஆனால் அந்த ஒன்றோடு யோகம் தீர்ந்துவிடும். ஒருமுறை கை மாறியதை மறுபடி மாற்றவும் வழியில்லை. ஆகவே எதற்கு எது என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டு, அப்புறம் பொத்தானை அழுத்துங்கள்.