நேற்று புகைத்த அறை

நேயர்களுக்கு வணக்கம்.

நேற்று ஆட்கள் சிகரெட் பிடித்த அறையில் இன்று மூச்சு விட்டால், அது கைக்குழந்தைகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கெடுதல் செய்யுமா? அமெரிக்காவில் 2005-இல் ஏறத்தாழ 1,500 பேரிடம் தொலைபேசியில் இப்படிக் கேட்டார்கள். குழந்தை மருத்துவர் ஜொனாதன் வினிக்காஃபும் அவருடைய குழுவினரும் 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள்.

பக்கத்தில் ஒருவர் விடும் புகை பிள்ளைக்கு ஆகாது என்பதில் பெரிய சண்டை இல்லை. புகைப்பவர்களிலேயே 84 சதவீதம் பேர் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் நேற்றைய புகை என்றதும் அவர்களில் 43 சதவீதம் பேர்தான் ஆமாம் என்றார்கள். புகைக்காதவர்களில் 65 சதவீதம்.

இதில் என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. நேற்றைய புகையும் கெடுதல் என்று நம்பியவர்களின் வீடுகளில்தான், உள்ளே யாரும் புகைக்கவே கூடாது என்ற கட்டுப்பாடு அதிகமாக இருந்தது. பக்கத்துப் புகை கெடுதல் என்ற நம்பிக்கைக்கு அப்படித் தனியான தொடர்பு தெரியவில்லை. நம்பிக்கையால் கட்டுப்பாடு வந்ததா, கட்டுப்பாடு வைத்தவர்கள் பிறகு நம்பினார்களா என்பதை இந்தக் கணக்கெடுப்பு சொல்லாது. ஆனாலும் காரணத்தை ஊகிக்கலாம். கெடுதல் புகையில் மட்டும்தான் என்று நினைப்பவருக்கு வழிகள் நிறைய: ஜன்னலைத் திறக்கலாம், மின்விசிறியைப் போடலாம், பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வரை காத்திருக்கலாம். புகை போன பிறகும் அதன் எச்சம் அறையில் தங்குகிறது என்று தெரிந்துவிட்டால் இந்தச் சமாதானம் எதுவும் எடுபடாது.

எச்சம் தங்கத்தான் செய்கிறது. நிகோடின் சுவரிலும் திரைச்சீலையிலும் மெத்தையிலும் ஒட்டிக்கொள்ளும். கேஸ் அடுப்பிலிருந்தும் வண்டிப் புகையிலிருந்தும் வரும் நைட்ரஸ் அமிலத்தோடு அது சேர்ந்தால் நைட்ரோசமீன்கள் என்ற வேதிப்பொருள்கள் உண்டாகின்றன என்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2010-இல் காட்டியது. அவற்றில் சில புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை. சான் டியாகோவில் இன்னொரு குழு, புகைப்பவர்கள் காலி செய்துவிட்டுப் போன வீடுகளைப் பார்த்தது. சுத்தம் செய்து, இரண்டு மாதம் பூட்டிக் கிடந்த பிறகும் தூசியிலும் சுவர்களிலும் நிகோடின் இருந்தது. வாடகைக்கு வீடு பார்க்கும்போது இதையெல்லாம் யார் விசாரிக்கிறோம்?

தவழும் குழந்தையின் முகம் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தூசி கையில் ஒட்டும், கை நேரே வாய்க்குப் போகும். உடல் எடையோடு ஒப்பிட்டால், பெரியவர்களைவிடக் குழந்தை உள்ளிழுக்கும் காற்றும் அதிகம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எச்சம் இருக்கிறது, பிள்ளைகளின் உடம்புக்குள் போகிறது என்பதற்குச் சான்று வலுவாக இருக்கிறது. அதனால் மட்டும் எத்தனை பிள்ளைகளுக்கு என்ன நோய் வந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம், ஏனென்றால் அதே வீட்டில் பெரும்பாலும் நேரடிப் புகையும் இருக்கும். ஆகவே பயமுறுத்த நான் வரவில்லை. புகைக்கிற மாமா வீட்டுக்கு வந்துபோனதால் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிடும் என்று அலற வேண்டியதில்லை.

சரி, மாடிக்குப் போய்ப் பிடித்துவிட்டு வரும் அப்பா? உள்ளே புகைப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் சட்டையிலும் கையிலும் ஒட்டியது கூடவே வரும். வெளியே மட்டும் புகைப்பவர்களின் வீட்டிலும், புகைக்காதவர்களின் வீட்டில் உள்ளதைவிடப் பல மடங்கு நிகோடினைத் தூசியில் கண்டிருக்கிறார்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிவிட்டுப் பிள்ளையைத் தூக்கினால் கொஞ்சம் குறையும். வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டால் நாற்றம்தான் மறையும், நிகோடின் அங்கேயேதான் இருக்கும்.

வணக்கம்.