காசு வந்தது, அட்டை எங்கே?

நேயர்களே, வணக்கம். ஆட்கள் கணினியோடு எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை. கணினி என்றதும் மேசைமேல் இருக்கிற பெட்டியை நினைக்காதீர்கள். ஹற்றன் நகரத்தில் சம்பள நாளில் நீள வரிசை நிற்குமே, அந்த ஏ.டி.எம்.மும் கணினிதான்.

அந்த வரிசையில் ஒரு அம்மா, பின்னால் நிற்கிற பையனிடம் அட்டையைக் கொடுத்து, "தம்பி, கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்று இரகசிய இலக்கத்தையும் சத்தமாகச் சொல்லிவிடுவார். உடனே நாம் என்ன சொல்கிறோம்? படிக்காத சனம். இந்தப் பேச்சோடுதான் எனக்குச் சண்டை.

ஒரு கதை சொல்கிறேன். முன்பு பல ஏ.டி.எம்.கள் காசை முதலில் தந்துவிட்டு அட்டையைப் பிறகுதான் தள்ளும். ஆட்கள் காசை எண்ணிக்கொண்டே போய்விடுவார்கள், அட்டை அங்கேயே கிடக்கும். படித்தவர், படிக்காதவர் வித்தியாசமே இல்லை. வந்தது காசுக்கு, அது கைக்கு வந்ததும் வேலை முடிந்தது என்று மனசு கணக்கை மூடிவிடுகிறது. 1997இல் மைக்கேல் பைர்ன், சூசன் போவேர் என்ற இருவர் இந்த வகை மறதியை ஆராய்ந்தே எழுதினார்கள். போட்டோக்கொப்பி கடையில் அடையாள அட்டையை விட்டுவிட்டு வருகிறோமே, அதுவும் இதே மறதிதான். சரி, ஏ.டி.எம்.முக்கு என்ன செய்தார்கள்? அட்டையை எடுத்தால்தான் காசு வரும் என்று மாற்றினார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். அட்டை மறப்பது குறைந்தது. திரும்பவும் சொல்கிறேன், அதே ஆட்கள்தான்.

அப்புறம், நம்முடைய தேயிலைக் கொழுந்து நிறுக்கிற தராசு. சில தோட்டங்களில் இப்போது டிஜிட்டல் தராசு. நான் பார்த்த இடத்தில் எண் தெரிகிற பக்கம், எடையைக் குறித்துக்கொள்கிற கணக்கப்பிள்ளையைப் பார்த்து இருந்தது. கொழுந்தைத் தூக்கி வைத்த அக்கா எக்கிப் பார்த்தார், தெரியவில்லை. "எத்தனை கிலோங்க ஐயா?" என்று கேட்க வேண்டியிருந்தது. தராசைச் செய்தவர் கணக்கப்பிள்ளையை மட்டும்தான் நினைத்திருக்கிறார். அந்தக் கிலோவில் சம்பளம் வாங்குகிறவர் எதிர்ப்பக்கம் நிற்கிறார். இரண்டு பக்கமும் எண் தெரிகிற தராசுகள் சந்தைக் கடைகளிலேயே இருக்கின்றன!

ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் போய்விட்டது. கணினியோடு குரலால் புழங்குவதைப் பற்றித்தான் நிறையப் பேச வந்தேன். சுருக்கமாக ஒன்று: பேசப் பேச எழுதித் தரும் இயந்திரம் சரியாக உருவாகும் முன்பே, 1983இல், ஐ.பி.எம். என்ற கணினி நிறுவனத்தில் ஜோன் கூல்டும் கூட்டாளிகளும் ஒரு தட்டச்சாளரை மறைவில் உட்காரவைத்து, இயந்திரம்தான் எழுதுகிறது என்பதுபோல ஆட்களைப் பேசவிட்டுப் பார்த்தார்கள். இன்று தோட்டத்து லய வீடுகளில் இருக்கிற ஆச்சிகள் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவதைப் பற்றி... சரி, அதற்கு நேரமில்லை. வணக்கம்.