புது மண்டபத்துத் தகரக் கப்பல்

நேயர்களுக்கு வணக்கம்.

சிறுவயது விளையாட்டுச் சாமான்களைப் பற்றிப் பேச முடியுமா என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். உடனே சரி என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் யோசனை வந்தது. வானொலியில் பொம்மையை எப்படிக் காட்டுவது? மேடையாக இருந்தால் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்துவிடலாம். இங்கே என் எதிரில் இருப்பது ஒரு மைக்கும் ஒரு டம்ளர் தண்ணீரும்தான்.

அப்புறம் தோன்றியது, சத்தத்தைச் சொல்லலாமே. எங்கள் காலத்தில் எந்தப் பொருளும் சும்மா தெருவுக்குள் வந்ததில்லை. சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தது.

நான் வளர்ந்தது மதுரை சிம்மக்கல் பக்கம், ஏழு குடித்தனம் இருந்த ஒரு காம்பவுண்டு வீடு. மத்தியானம் டக், டக் என்று மரப்பெட்டி மூடியை அடிக்கிற சத்தம் கேட்டால் குச்சி ஐஸ். ஐந்து பைசா. சேமியா ஒட்டியிருந்தால் பத்து பைசா. ராத்திரி சாப்பாடு முடிந்து பாய் விரிக்கிற நேரத்தில் கணகணவென்று மணி அடித்தால் சோன்பப்டி வண்டி. அந்த மணியைக் கேட்டதும் தூங்குவது போல நடிக்க வேண்டும் என்பது அப்பாவின் திட்டம். அவர் தூங்குவது போல நடிப்பார், நாங்கள் எழுப்புவோம்.

பம்பாய் மிட்டாய்க்காரரின் சத்தம் ஜிங், ஜிங். சில ஊர்களில் ஜவ்வு மிட்டாய் என்பார்கள். ஆள் உயர மூங்கில் கம்பு. அதன் உச்சியில் கண்ணுக்கு மை தீட்டி, பாவாடை சட்டை போட்ட ஒரு பொம்மை. கையில் குட்டி ஜால்ரா. கீழே தொங்கும் கயிற்றை அவர் சுண்டினால் பொம்மை கை தட்டும். பொம்மைக்குக் கீழே ரோஸ் நிற மிட்டாயைக் கம்பில் கனமாகச் சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாள் போர்த்தியிருப்பார். என்ன வேண்டும் என்று கேட்பார். மயில், தேள், மோதிரம், எது கேட்டாலும் செய்வார். நான் எப்போதும் வாட்ச்தான். கொஞ்சம் இழுத்து, விரலால் திருகி, மணிக்கட்டில் சுற்றி, நடுவில் ஒரு வட்டத்தை அமுக்கி, பக்கத்தில் சாவிக்கு ஒரு துளி வைப்பார். இதற்கெல்லாம் அரை நிமிடம் ஆகுமா, அதுகூட ஆகாது. கடைசியாக ஒரு சின்ன உருண்டையைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார். அது கொசுறு.

தெருப் புழுதி பூராவும் அதில்தான் ஒட்டியிருக்கிறது என்று அம்மா கத்துவார். உண்மையாகத்தான் இருக்கும். எதிர்வீட்டு மாமா மட்டும், "மணி என்னடா ஆச்சு?" என்று கேட்பார். கையை நக்கிக்கொண்டே, "தின்னாச்சு மாமா" என்போம்.

இன்னொரு சத்தம், தகரத் தவளை. பச்சைப் பெயின்ட் அடித்த தவளை. வயிற்றில் ஒரு மெல்லிய தகடு. கட்டை விரலால் அமுக்கினால் டிக். விட்டால் டாக். வேறு எதுவும் செய்யாது. அதை வகுப்புக்குக் கொண்டுபோய்ப் பறிகொடுக்காத பையன் எங்கள் செட்டில் கிடையாது. இந்தத் தவளையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது கப்பலுக்கு வருகிறேன்.

மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு கோபுரத்துக்கு எதிரே புது மண்டபம். 1623 முதல் 1659 வரை ஆண்ட திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டியது. ஏறக்குறைய நானூறு வருடமாக அதற்குப் பெயர் 'புது' மண்டபம்தான். மதுரைக்காரர்கள் ஒரு பேரை வைத்தால் சுலபத்தில் மாற்ற மாட்டார்கள்.

எனக்கு அது கோயில் மண்டபம் என்பதே வெகுநாள் தெரியாது. அது ஒரு கடைவீதி. 300 அடிக்கு மேல் நீளம், உள்ளே எப்போதும் சாயங்கால வெளிச்சம். தூணுக்குத் தூண் கடை. வளையல், பித்தளைப் பாத்திரம், ஸ்டீல் எவர்சில்வர், பழைய பாடப் புத்தகம், சொப்புச் சாமான். ஒரு பக்கம் முழுக்கத் தையல் மெஷின்களின் கடகடப்பு. சித்திரைத் திருவிழா நெருங்கினால் அந்தத் தையல்காரர்களுக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களும் திரி எடுப்பவர்களும் போட்டுக்கொள்ளும் உடுப்பெல்லாம் அங்கேதான் தைப்பார்கள். மஞ்சளும் சிவப்புமாக வெட்டுத் துணி தரையெல்லாம் கிடக்கும். நான் குனிந்து பொறுக்கிக்கொண்டே போவேன், அப்பத்தா என் காதைப் பிடித்துக்கொண்டே வரும்.

1975ஆம் வருடம், எனக்கு ஒன்பது வயது. அங்கே ஒரு பொம்மைக் கடையில் பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் வைத்து, தகரக் கப்பல் ஒன்றை விட்டிருந்தார்கள். சாவி கிடையாது, பேட்டரி கிடையாது. உள்ளே ஒரு துண்டு மெழுகுவத்தி எரிகிறது. கப்பல் டப டப டப டப என்று பேசினைச் சுற்றிச் சுற்றி வருகிறது. நான் நின்றுவிட்டேன். அப்பத்தா இழுத்தது. நகரவில்லை. ஒன்றே கால் ரூபாய் என்றார்கள். அப்பத்தா முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தது, வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தது.

வீட்டில் அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஏழு குடித்தனத்துப் பிள்ளைகளும் சுற்றி நிற்க, மெழுகுவத்தியைக் கொளுத்தி உள்ளே வைத்தேன். கப்பல் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம் என்றார்கள். பொறுத்தோம். தகரம் கறுத்தது. ஒரு மாதிரி நாற்றம் வந்தது. பற்றவைத்திருந்த ஈயம் உருகி, உள்ளே இருந்த பெட்டி கழன்று, கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து அண்டாவின் அடியில் போய் உட்கார்ந்தது. டப என்று ஒரே ஒரு சத்தம்கூட வரவில்லை. எதிர்வீட்டு மாமா, "கப்பல் கவிழ்ந்து போச்சா?" என்று ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றுதான் பல வருடம் நினைத்திருந்தேன். நாற்பது வயதுக்கு மேல்தான் விஷயம் புரிந்தது. கப்பலுக்குள் ஒரு சின்னத் தகரப் பெட்டி. அதுதான் கொதிகலன். அதிலிருந்து இரண்டு குழாய்கள் பின்பக்கமாக இறங்கித் தண்ணீருக்குள் முடியும். முதலில் ஒரு குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்த வேண்டும். காற்று இன்னொரு குழாய் வழியாக வெளியே வந்துவிடும். அதற்கப்புறம்தான் மெழுகுவத்தி. உள்ளே தண்ணீர் கொதித்து ஆவியாகி, குழாயில் இருக்கும் தண்ணீரைப் பின்னால் பீய்ச்சும். கப்பல் முன்னே போகும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் தண்ணீர் திரும்ப உள்ளே ஏறும். அப்படியானால் கப்பல் பின்னால் வர வேண்டாமா? வராது. வெளியே போகும் தண்ணீர் ஒரே திசையில் பாய்கிறது, உள்ளே வரும் தண்ணீர் நாலா பக்கமிருந்தும் வருகிறது. மெழுகுவத்தியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைத்துப் பாருங்கள்.

அந்த டப டப எங்கிருந்து வருகிறது? கொதிகலனின் மேல்மூடி மெல்லிய தகடு. ஆவி பெருகும்போது உப்பும், குளிரும்போது உள்வாங்கும். நம் தகரத் தவளையின் வயிறு செய்கிற அதே வேலை, கொஞ்சம் வேகமாக. 1891இலேயே இந்த மாதிரிக் கப்பலுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்த அன்று எனக்கு அந்தக் கடைக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. கப்பலைப் பேசினில் விடுவதற்கு முன்னால் அவர் ஒரு வாய் தண்ணீர் குடித்து, குழாயில் வாய் வைத்து ஊதினார். நான் பார்த்தேன். தூசி தட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். ஏமாற்றவில்லை மனுஷன். என் கண் முன்னாலேயே செய்து காட்டியிருக்கிறார்.

வேலைக்காக முப்பது வருடத்துக்கு மேல் வெளியூர். ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியதும் முதலில் வயிற்றுக்கான வேலையைப் பார்த்தேன். டிபார்ட்மென்டல் ஸ்டோரில் ஒரு அட்டைப்பெட்டி. 'நைன்டீஸ் கிட்ஸ் மிட்டாய்' என்று போட்டிருக்கிறது. உள்ளே கமர்கட்டு, தேன்மிட்டாய், சூட மிட்டாய், கல்கோனா. தேன்மிட்டாயைத் தொண்ணூறுகளில்தான் கண்டுபிடித்த மாதிரி! வாங்கினேன். கமர்கட்டு என் பல்லைக் கேள்வி கேட்டது. தேன்மிட்டாய் வெறும் சர்க்கரைப் பாகு. முன்பும் அது வெறும் சர்க்கரைப் பாகாகத்தான் இருந்திருக்கும். மாறாமல் இருந்தது பருத்திப்பால் ஒன்றுதான். மாசி வீதி முனையில் தள்ளுவண்டி. பருத்தி விதையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்து, அரிசி மாவு, கருப்பட்டி, சுக்கு, ஏலம் போட்டுக் காய்ச்சியது. முதல் வாயில் நாக்கு பொத்துப்போனது. அதுவும் அப்படியே இருந்தது.

வைகாசியில் ஒரு நாள் சாயங்காலம் புது மண்டபத்துக்குப் போனேன். வசந்த உற்சவம். உள்ளே காலெடுத்து வைத்ததும் தப்பான இடத்துக்கு வந்துவிட்டேனோ என்று இருந்தது. ஒரு கடைகூட இல்லை. 2018இல் கோயிலின் வீர வசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததே, அதற்குப் பின்னால் இங்கிருந்த கடைகளையும் பக்கத்தில் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள். செய்தியில் படித்ததுதான். படிப்பது வேறு, நிற்பது வேறு.

கடைகள் போனதும் தூண்கள் வந்திருக்கின்றன. நாயக்க மன்னர்கள் வரிசையாகக் கைகூப்பி நிற்கிறார்கள். எத்தனை முறை அவர்கள் காலடியில் நின்று வளையல் பேரம் கேட்டிருப்போம், ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர்கள் மேலெல்லாம் அப்போது துணி மூட்டையும் பிளாஸ்டிக் குடமும் தொங்கிக்கொண்டிருந்தன. கலை தெரிந்தவர்களுக்கு இது சந்தோஷமான காட்சி. நியாயம்தான். நான் மட்டும் பொம்மைக் கடையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கண்டுபிடித்தேன் என்றுதான் நினைக்கிறேன். கடைக்காரர் பலூன் கொத்தை மாட்டிவைக்க ஒரு கல் வளைவு இருந்தது ஞாபகம். கல் யானை கரும்பு தின்னும் சிற்பம் அங்கே ஒரு தூணில் இருக்கிறது, திருவிளையாடலில் வருகிற யானை. அந்தத் தும்பிக்கைதான் என் வளைவு. சத்தியம் செய்யச் சொன்னால் செய்ய மாட்டேன். ஆனால் பக்கத்தில் நின்றபோது உயரம் சரியாக இருந்தது. அதாவது, ஒன்பது வயதுப் பையனின் கண்ணுக்கு எந்த உயரமோ, அந்த உயரத்துக்கு நான் கொஞ்சம் குனிந்து பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, "என்ன ஐயா, ஏதும் விழுந்துருச்சா?" என்று கேட்டார்.

இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. வெயில் காலத்தில் குளிர்ச்சிக்காக இந்த மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர் நிற்கிற மாதிரி அகழி வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். கப்பல் விட அத்தனை வாகான இடத்தில் நின்று கப்பலை வாங்கி, அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அண்டாவில் மூழ்கடித்திருக்கிறேன்.

குன்னத்தூர் சத்திரத்துக்கும் போனேன். தகரக் கப்பல் கேட்டதற்கு ஒரு இளைஞர் ரிமோட் கப்பல் காட்டினார். "மெழுகுவத்தியிலயா ஓடும்? வீட்ல பிள்ளைங்க கையச் சுட்டுக்காதா சார்?" என்றார். அவர் கேட்டதும் சரிதான்.

கடைசியில் அது கிடைத்தது அடுத்த சித்திரையில், அழகரை மதுரைக்காரர்கள் எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை அன்று, தல்லாகுளத்தில். நடைபாதையில் சாக்கு விரித்து, ஊதலுக்கும் பலூனுக்கும் நடுவே நாலே நாலு கப்பல். விலையைக் கேட்டேன். எண்பது ரூபாய். பேரம் பேசாமல் கொடுத்தேன். அப்பத்தா இருந்திருந்தால் என் காது போயிருக்கும்.

வீட்டில் பேத்திக்கு ஏழு வயது. நீலப் பேசினில் தண்ணீர் வைத்தோம். ஊசி போடுகிற சிரிஞ்சில், ஊசி இல்லாமல்தான், தண்ணீர் எடுத்து நான் குழாயில் செலுத்தினேன். அடுத்த குழாயில் குமிழ் வந்து, அப்புறம் தண்ணீர் வந்தது. மெழுகுவத்தியை வைத்தோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. எனக்கு ஈயம் உருகும் நாற்றம் வருகிறதோ என்று மூக்கு அங்கேயே இருந்தது.

அப்புறம் என்ன நடந்தது என்பதைப் போனில் பதிவு செய்து கொண்டுவந்திருக்கிறேன். இருபது விநாடிதான். நடுவில் ஒரு குரல், "தாத்தா, தலைய எடுங்க, எனக்குத் தெரியல" என்று சொல்லும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். நிலையத்தார் ஒலிபரப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேளுங்கள்.

(ஒலிப்பதிவு: தகரக் கப்பல் ஓடும் சத்தம், 20 விநாடி)