டாப் ஸ்டேஷனில் ஸ்டேஷன் எங்கே?

நேயர்களுக்கு வணக்கம். மூணாறுக்குப் போனவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். அப்படியே டாப் ஸ்டேஷனையும் எட்டிப் பார்த்திருப்பீர்கள். காலுக்குக் கீழே மேகம் நிற்கும். போட்டோ எடுப்போம், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காயைக் கடிப்போம், திரும்பிவிடுவோம்.

போன முறை எங்கள் வேனில் வந்த பொடியன் ஒருவன் கேட்டான்: "மாமா, ஸ்டேஷன்னு போட்டிருக்கே, ரயில் எங்க?" வேனே சிரித்தது. "போலீஸ் ஸ்டேஷனா இருக்கும்டா" என்றார் டிரைவர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருந்த கேள்வி அது!

ரயில் இருந்தது. முதலில், 1902-இல், ஒற்றைத் தண்டவாளம். வண்டியை இழுத்தது காளைமாடு. ஆமாம், சரியாகத்தான் கேட்டீர்கள், தண்டவாளத்து வண்டிக்குக் காளைமாடு. 1908-இல் அதை மாற்றி, இரண்டடி அகலத்தில் பாதை போட்டு நீராவி எஞ்சின் விட்டார்கள். மூணாறிலிருந்து தேயிலைப் பெட்டிகள் வந்து இறங்கிய கடைசி இடம்தான் டாப் ஸ்டேஷன். அதற்கப்புறம் மலை செங்குத்தாக விழுகிறது. ரயில் எப்படி இறங்கும்? பெட்டிகளை ரோப்வேயில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். மேலே டாப் ஸ்டேஷன் என்றால் கீழே? பாட்டம் ஸ்டேஷன்! அங்கிருந்து மாட்டுவண்டியில் போடி, பிறகு தூத்துக்குடி, கப்பல். சீமைக்குப் போன தேயிலை எங்கள் ஊர்ப் புழுதியைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறது. நான் போடிக்காரன், இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

சரி, அந்த ரயில் என்ன ஆனது? 1924 ஜூலையில் பேய்மழை. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக் கணக்கில் அது 1099. அதனால் மலையாளிகள் இன்றும் அதைத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்கள். பாதை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போடவே இல்லை. மூணாறில் அந்தப் பழைய ஸ்டேஷன் கட்டடம் தேயிலைக் கம்பெனி அலுவலகமாகிவிட்டது. டீ வாங்கப் போகிறவர்கள் அதையும் ஒருமுறை நின்று பாருங்கள்.

அந்த மலையில் வாழும் பழங்குடி மக்களான முதுவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தம்பி கடிகாரத்தைக் காட்டுகிறார். மதுரையை விட்டுக் கிளம்பும்போது மீனாட்சியம்மன் சிலையை முதுகில் சுமந்து மலையேறியதாக அவர்கள் சொல்வார்கள். ரயிலுக்கும் தேயிலைக்கும் வெகுகாலம் முன்பே அங்கே இருந்தவர்கள். இவ்வளவுதான் முடிந்தது. வணக்கம்.