சட்டைப் பையில் பணம், கையில் கத்தரிக்காய்: ஏ.டி.எச்.டி.யோடு வாழ்வது

[காட்சி: காட்பாடியில் ஒரு வீட்டு வாசல், காலை வெயில்]

மின்கட்டணம் செலுத்தக் கடைசி நாள். அப்பா எண்ணிக் கொடுத்த ரொக்கத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிய நான், ஒரு மணி நேரம் கழித்து இரண்டு கிலோ முள்ளுக் கத்தரிக்காயோடு திரும்பி வந்தேன். "இன்னாடா, கட்டினியா?" என்று அவர் கேட்ட பிறகுதான் என் கை பைக்குள் போனது. பணம் மடிப்புக் கலையாமல் இருந்தது. அப்போது எனக்கு வயது 34.

ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் குறைபாடு உள்ளவருக்குக் கவனமே கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். பிடித்த வேலையில் நான்கு மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருப்பவரால் ஒரு பக்கப் படிவத்தை நிரப்ப முடியாமல் போகிறது என்றால், கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தும் பிடிமானம்தான் அவரிடம் தளர்ந்திருக்கிறது. பார்ப்பவர்கள் இதைத் திமிர் என்று எடுத்துக்கொள்வதில் வியப்பில்லை.

[காட்சி: பழைய லண்டன் தெருவின் கோட்டோவியம்]

கைப்பேசியால் வந்த வியாதி என்பவர்களுக்கு ஒரு செய்தி: இத்தகைய குழந்தைகளைப் பற்றி ஜார்ஜ் ஸ்டில் என்ற மருத்துவர் லண்டனில் 1902ஆம் ஆண்டிலேயே விரிவுரை ஆற்றியிருக்கிறார். அவரும் இதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறை என்றே விவரித்தார். எங்கள் தெருவில் பலர் இன்னும் 1902ஐத் தாண்டவில்லை.

[காட்சி: பரணிலிருந்து இறக்கிய தகரப் பெட்டி]

ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதை உறுதிசெய்வதில்லை. மருத்துவர் நீண்ட நேரம் பேசி, வீட்டாரிடமும் விசாரித்து, தூக்கக் குறைவு, தைராய்டு, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றால் இப்படி இருக்கிறதா என்றும் பார்த்த பிறகே முடிவுக்கு வருகிறார். 2013இல் வெளியான டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநல நோயறிதல் கையேட்டின் அளவுகோலின்படி, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, பணியிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தென்பட வேண்டும். ரீல்ஸ் பார்த்துத் தனக்குத்தானே பெயர் சூட்டிக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகம். என் நான்காம் வகுப்பு ரேங்க் கார்டைப் பரணில் தேடி எடுத்தோம். "புத்திசாலி. ஆனால் வகுப்பில் இருப்பதில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான் ஒரு நாளும் விடுப்பு எடுக்காத ஆண்டு அது.

வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. என்னும் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957 முதல் இயங்குகிறது. உள்நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பராமரிப்பது அங்குள்ள வழக்கம். அப்படி ஓர் இடம் கூப்பிடு தூரத்தில் இருந்தும், மனநல மருத்துவர் என்ற சொல் எழுந்தாலே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

மாத்திரை கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று நானும் நினைத்தேன். அந்த மாத்திரையான மெத்தில்பெனிடேட், மூளையில் டோபமைன், நார்அட்ரினலின் ஆகிய வேதிப்பொருள்கள் கிடைக்கும் அளவைக் கூட்டுகிறது. சாதாரண வகை சில மணி நேரமே வேலை செய்யும். பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கவனித்துவர வேண்டும். மருந்துச் சீட்டில்லாமல் இதை வாங்கவும் கூடாது, நண்பருக்குக் கொடுக்கவும் கூடாது. அட்டாமாக்செடின் என்ற மற்றொரு மருந்தின் முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சற்றுத் தேறியதும் நானாகவே மருந்தை நிறுத்திய மாதத்தில், பெங்களூரு நெடுஞ்சாலையில் என் பைக் ஒரு லாரியின் பின்புறத்தில் மோதாமல் நூலிழையில் தப்பியது. சாலை விபத்துக்கான வாய்ப்பு இக்குறைபாட்டில் கூடுதல் என்பதை மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

இப்போது வாசற்கதவின் உட்புறம் ஒரு சிலேட்டு தொங்குகிறது. செருப்பு மாட்டும் முன் அதைப் படிக்காமல் வெளியே போக முடியாது.

[காட்சி: மருத்துவர் அறையில் மூன்று நாற்காலிகள்]

இது பெரிதும் மரபுவழியில் வருவது. அடுத்த பரிசோதனைக்கு அப்பாவும் வந்திருந்தார். என் சிறுவயதைப் பற்றிக் கேட்ட மருத்துவரிடம், அவர் தம்முடைய தொலைந்த சாவிகளையும், பாதியில் விட்ட மூன்று தொழில்களையும், தம் அப்பாவிடம் வாங்கிய அடியையும் சொல்லத் தொடங்கினார்.