பத்து பவுண்டு வீடு: ஆல்ஃபிரிஸ்டன் கிளர்ஜி ஹவுஸ்

[காட்சி: புல்வெளி ஓரம் வைக்கோல் கூரை வீடு]

1896-இல் இங்கிலாந்தின் பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பான நேஷனல் டிரஸ்ட் முதன்முதலாக விலை கொடுத்து வாங்கிய கட்டடம் இது. விலை 10 பவுண்டு. இருப்பது ஈஸ்ட் சஸ்ஸெக்ஸ், ஆல்ஃபிரிஸ்டன் கிராமத்தில். கட்டியது 14-ஆம் நூற்றாண்டில்.

[காட்சி: முகப்பு, வரைபடம்]

இந்த வகைக்கு வீல்டன் வீடு என்று பெயர். இரு முனைகளிலும் மேல்மாடி வெளியே துருத்தி நிற்கும், நடுக்கூடம் உள்வாங்கியிருக்கும். மேலே கூரை மட்டும் ஒரே நேர்கோட்டில் ஓடும். அதனால் நடுவில் இறவாரம் அந்தரத்தில் நிற்கிறது. வளைந்த ஓக் மர முட்டுகள்தான் அதைத் தாங்குகின்றன. நடுக்கூடத்துக்கு மாடி கிடையாது. தரையில் நெருப்பு மூட்டினால் புகை நேராகக் கூரைக்கு ஏறும். பழைய கூரை மரங்களில் கரி படிந்திருந்தால், அங்கே ஒரு காலத்தில் புகைபோக்கி இருக்கவில்லை என்று பொருள்.

[காட்சி: மரப் பொருத்து, நெருக்கத்தில்]

ஓக்கைப் பச்சையாகவே செதுக்குவார்கள். கழுந்தின் (இன்னொரு மரத்தின் குழிக்குள் செருகும் நாக்கு) துளையைச் சற்றே தள்ளித் துளைத்து மரமுளை அடிப்பார்கள். முளை இறங்க இறங்க மூட்டு இறுகும். காய்ந்தபின் மரம் முறுக்கிக்கொண்டாலும் பிடி விடாது.

சட்டகத்தின் இடைவெளிகளில் வரிச்சு கட்டி, களிமண், வைக்கோல், சாணம் கலந்து அப்புவார்கள். மேலே சுண்ணாம்புப் பூச்சு. தரைக்குச் சுண்ணப்பாறையை இடித்துப் புளித்த பாலால் இறுக்கியிருக்கிறார்கள்!

[காட்சி: உளுத்த அடிவிட்டம்]

இத்தகைய வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் மழையல்ல, சிமென்ட். மரச்சட்டகம் ஈரத்துக்கு ஏற்ப அசையும், சிமென்ட் அசையாது. ஓரத்தில் மயிரிழை விரிசல் விழும், அதன் வழியே நீர் இறங்கும், வெளியேற வழி கிடைக்காது. முதலில் உளுப்பது அடிவிட்டமும் (சட்டகத்தைத் தாங்கும் கீழ் மரம்) தூண்களின் காலும்தான். சுண்ணாம்புக் குழம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு, கொஞ்சம் ஆட்டுமயிர்: இதுதான் சரியான சாந்து. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பூசக் கூடாது. காய்வதற்குள் குளிரில் உறைந்தால் உதிர்ந்துவிடும். வேகமாக உலரவும் விடாதீர்கள், ஈரச்சாக்கு தொங்கவிடுங்கள்.

கூரைச் சரிவு 45 டிகிரிக்குக் குறைந்தால் நீர் தேங்கி வைக்கோல் அழுகும். முகட்டை மட்டும் 10 முதல் 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

[காட்சி: கூர்ஊசியால் மரத்தைக் குத்தும் கை]

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட வீட்டின் தன்மை மாறும்படி அனுமதியின்றி வேலை செய்வது குற்றம். ஆகவே எதையும் பிரிப்பதற்கு முன் அடிவிட்டத்தைக் கூர்ஊசியால் குத்திப் பாருங்கள். சில மில்லிமீட்டரில் நின்றால் மேல்தோல்தான் போயிருக்கிறது, மரத்தைத் தொடவேண்டாம். எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கினால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி, அதே ஓக்கில் ஒட்டுப்போட வேண்டும்.